பதில் சொல்ல வராதவர்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் கலை அறிவியல் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் காலம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தலைப்பு, கைடு பார்த்துக் கையெழுத்திட்ட ஒரு கேள்வித்தாள், இத்தனை பேரிடம் பதில் வாங்கி வர வேண்டும் என்று ஓர் எண்ணிக்கை. பொருளியல், வணிகவியல், சமூகப்பணி, பி.எட். என்று துறை எதுவானாலும் வருஷா வருஷம் திரும்பி வரும் தலைப்பு ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கிறார்கள், ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அது. மூன்று வருஷத்துக்கு முன் தாங்களே குழம்பி நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். அந்தத் தலைப்போடு வரும் யாரையும் நான் வேறு தலைப்புக்கு மாற்றியதில்லை.

கேள்வித்தாள் கூகுள் ஃபார்மாக மாறி வாட்ஸப்பில் கிளம்புகிறது. "அண்ணா, அக்கா, என் ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டே நிமிஷம் ஒதுக்கி இதை நிரப்பித் தாங்க, உங்க ஃபிரெண்ட்ஸுக்கும் அனுப்புங்க" என்று ஒரு வேண்டுகோள் கூடவே போகும். வகுப்புக் குழுவிலிருந்து விடுதிக் குழு, அங்கிருந்து பழைய பள்ளித் தோழர்களின் குழு, அங்கிருந்து அத்தை மகள் படிக்கும் கல்லூரி. இரண்டு ராத்திரிக்குள் நூறு பதில் சேர்ந்துவிடும். பதில் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால், அநேகமாக எல்லோரும் கல்லூரியில் இருப்பவர்கள். கல்லூரிக்கு ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு விதவிதமான பதில்கள். மேலே படிக்காமல் விட்டது ஏன் என்ற கேள்விக்கு நேரே மட்டும் வெற்றிடம். பிறகு வைவாவில் அந்த மாணவர் எழுந்து நின்று, பிளஸ் டூ முடித்தவர்களில் பெரும்பான்மையோர் உயர்கல்விக்குச் செல்கிறார்கள் என்று தன் கண்டுபிடிப்பை வாசிப்பார். பர்சன்டேஜ் அனாலிசிஸ், கை-ஸ்கொயர் எல்லாம் சரியாகவே போட்டிருக்கும்.

கணக்கில் தப்பில்லை. ஆளைத் தேடியதில்தான் கோளாறு. தானாக முன்வந்து பதில் சொல்பவரை மட்டும் வைத்துச் செய்யும் எந்தக் கணக்கெடுப்பும் ஒரு பக்கம் சாயும், இந்த விஷயத்தில் அது இன்னும் மோசம். பள்ளிக்குப் பிந்தைய படிப்பு என்ற கேள்வியின் பாதி, அந்தப் படிப்புக்கு வராதவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. இருந்தாலும், அந்தத் தலைப்பைப் பார்த்ததும் இது நமக்கில்லை என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான்.

2025 மே மாதம் வெளியான பிளஸ் டூ முடிவில் தேர்ச்சி 95.03 சதவீதம். மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. ஒவ்வொரு மே மாதமும் இந்த எண்களைப் பார்த்து நான் மனதார மகிழ்கிறேன். தேர்வு எழுதியவர்களில் இத்தனை பேர் என்பதுதான் இதன் பொருள். 2023 மார்ச்சில் மொழிப்பாடத் தேர்வு நடந்த அன்று, பதிவு செய்திருந்தவர்களில் 50,000க்கும் மேற்பட்டவர்கள் தேர்வறைக்கே வரவில்லை. அது செய்தியானது, சில நாள் பேசப்பட்டது. அவர்களில் பலர் அதற்கு வெகுமுன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள் என்று தெரியவந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தது, பிள்ளை இல்லை. அந்த வருஷத் தேர்ச்சி விழுக்காட்டுக்குள் அவர்கள் எங்கும் வரமாட்டார்கள்.

இன்னொரு எண்ணும் நமக்குப் பெருமை தருவது. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியாவுக்கு 28.4. காமராசர் காலத்து மதிய உணவு, ஊருக்கு ஊர் திறந்த பள்ளிகள், இடஒதுக்கீடு, பேருந்துச் சலுகை, நுழைவுத்தேர்வு நீக்கம் என்று பல தலைமுறை உழைப்பு அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். எந்த வயதினரானாலும், எந்த மாநிலத்திலிருந்து வந்தவரானாலும் இங்குள்ள உயர்கல்வி நிறுவனங்களில் படிப்போரின் எண்ணிக்கையை, 18 முதல் 23 வயதுக்குட்பட்ட மக்கள்தொகை மதிப்பீட்டோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. தகவலைத் தருபவை கல்வி நிறுவனங்கள். தன் வாசலுக்குள் வந்தவரை ஒரு கல்லூரி எண்ணிச் சொல்லிவிடும். வராதவரைப் பற்றி அதனிடம் கேட்க முடியாது.

அவர்களைக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று 2017-18இல் அப்படித்தான் போனது. நாடெங்கும் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்து, படிப்பில் இல்லாத இளையவர்களிடம் காரணத்தையும் கேட்டது. ஆண்களிடம் முதன்மையாக வந்த காரணம் சம்பாதிக்கப் போனது. பெண்களிடம் வீட்டுவேலை. கல்லூரிக் குழுக்களில் சுற்றும் எந்த ஃபார்மிலும் இந்த இரண்டு பதில்களும் முதலிடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

மாணவர்களை வீடுவீடாக அனுப்பும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே தொடங்கிய ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். புத்தகத்தில் உள்ள பொருளியலை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதில் அவருக்கு நிறைவில்லை. 1916இல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து, விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம் கொடுத்து, ஒரு கிராமத்தை, முடிந்தால் சொந்த ஊரையே, விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள், பள்ளிக்கூடம் உண்டா என்று போயின கேள்விகள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரம் சீமையின் வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி ஆகிய ஊர்கள் அப்படித்தான் ஏடேறின. 1918இல் அது நூலாக வந்தது.

அத்தோடு முடியவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி விசாரித்தார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் மற்றவர்களும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போய், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அந்த ஊரின் நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்று எழுதினார்கள். உலகத்தில் மிகச் சில ஊர்களுக்கே இப்படித் தொடர்ந்த பதிவு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தை எழுதியது விடுமுறைக்கு வீட்டுக்குப் போன ஒரு கல்லூரி மாணவரின் வகுப்பு வேலை. மாணவர் ப்ராஜெக்ட்தானே என்று யாராவது இளக்காரமாகப் பேசும்போது எனக்கு இருவேல்பட்டு ஞாபகம் வரும்.

அந்தப் பதிவுக்கும் ஒரு குறை உண்டு. 1916இல் கல்லூரியில் படிக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் போய் உட்கார்ந்த திண்ணை எது, யாரிடம் நின்றுகொண்டு பேசினார்கள், யாரை அழைத்துவரச் சொன்னார்கள் என்பதெல்லாம் பதில்களுக்குள் கலந்துதானே இருக்கும். சேரியில் இருப்பவரின் கடனைப் பற்றி ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இன்று அரசுக் கல்லூரியில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தெருவில் யார் எந்த வகுப்போடு நின்றார்கள், யார் திருப்பூருக்குப் போனார்கள், யாருக்குப் பதினெட்டு முடிந்த கையோடு கல்யாணம் ஆனது என்று அவர்களுக்குக் கேட்காமலே தெரியும். ஸ்லேட்டரின் மாணவர்களுக்குத் திறக்காத கதவுகள் இவர்களுக்குத் திறக்கும். பள்ளிக்குப் பிந்தைய படிப்பைப் பற்றி விசாரிக்க இவர்களைவிடப் பொருத்தமான ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. அப்படிப்பட்டவர்களை நாம் ஒரு இணைப்பைக் கொடுத்து, போய் இருநூறு பதில் வாங்கிக்கொண்டு வா என்று வாட்ஸப்புக்குள் அனுப்பிவிடுகிறோம். இந்த விரயம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவி. அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பத்தாம் வகுப்பில் உன்னோடு உட்கார்ந்தவர்கள் பெயரையெல்லாம் எழுது, ஒருவர் விடாமல் தேடிப் பிடி. பட்டியலை அவள் ஞாபகத்திலிருந்தே எழுதினாள். விட்டுப்போனவர்களை வகுப்பு ஃபோட்டோவைப் பார்த்துச் சேர்த்தாள். கல்லூரியில் இருப்பவர்களிடம் விசாரித்தது சில நாளில் முடிந்தது. மற்றவர்களைத் தேடப் போனபோதுதான் அவளுடைய ப்ராஜெக்ட் தொடங்கியது.

ஒருவன் ஐடிஐயில் ஃபிட்டர் முடித்து ஓசூரில் கான்ட்ராக்ட் வேலை. ஒருவன் ஜேசிபியில் ஹெல்ப்பர், நேரில் பார்க்கவே முடியவில்லை, ராத்திரி பத்து மணிக்குமேல் ஃபோனில்தான் பேசினான். ஒருத்தி நத்தத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். சிலருடைய நம்பர் மாறியிருந்தது. ஒருவன் எடுத்த எடுப்பிலேயே, "காலேஜ் போன நீங்கள்லாம் என்னத்தக் கிழிச்சீங்க, எங்கிட்ட கேக்க வந்துட்ட" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சொன்னதையும் எழுதிக்க" என்றான். அவள் எழுதிக்கொண்டாள். அறிக்கையில் அது அப்படியே இருக்கிறது.

அந்தப் பக்கமெல்லாம் நூற்பாலைகள். விடியற்காலையில் மில் வண்டி ஊர் ஊராக நின்று பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த தோழி ஒருத்தி அந்த வண்டியில்தான் போய்வருகிறாள். முதல்முறை போனபோது அவளுடைய அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு இப்பத்தான் படுத்தா தாயி. எழுப்ப மாட்டேன். நீ என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேளு." அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு தாள் நிரம்பியிருக்கும். என் மாணவி கேட்கவில்லை. வார லீவு என்றைக்கு என்று தெரிந்துகொண்டு திரும்பினாள், அந்த நாளில் மறுபடி போனாள்.

மேற்படிப்புக்குச் செல்லாததற்குக் காரணம் என்று கேள்வித்தாளில் ஒரு கேள்வி. வறுமை, ஆர்வமின்மை, மதிப்பெண் குறைவு, பெற்றோர் அனுமதி மறுப்பு, பிற என்று ஐந்து கட்டங்கள். தோழி அந்தத் தாளை வாங்கித் தானே வாசித்தாள். "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்று கேட்டாளாம். மார்க் இருந்தது. நர்சிங் டிப்ளமாவுக்கு விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கும் சம்மதம். சேர்க்கை நடந்த ஜூன் மாதம் அப்பாவுக்கு மூட்டில் அறுவைச் சிகிச்சை. வீட்டிலிருந்த பணம் அதற்குப் போனது, ஆஸ்பத்திரியில் கூட இருக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆகஸ்டில் சித்தப்பா பணம் புரட்டிக் கொடுத்தபோது சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருஷம் சும்மா இருப்பானேன் என்று மில்லுக்குப் போனாள். அடுத்த ஜூனில் தம்பிக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

வறுமை என்ற கட்டத்தில் டிக் அடித்து இதை முடித்துவிடலாம். பொய்யாகவும் இருக்காது. ஆனால் அந்த வீட்டில் பணம் முற்றாக இல்லாமல் போனது எட்டு வாரம்தான். அந்த எட்டு வாரமும் சேர்க்கைக் காலமாக அமைந்துவிட்டது. கல்லூரிச் சேர்க்கையை ஆகஸ்டு, செப்டம்பர் என்று இன்னொரு சுற்றுக்கு உறுதியாகத் திறந்து வைத்தால் இப்படிப்பட்ட எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பது ஒரு கொள்கைக் கேள்வி. விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துக் கல்லூரியில் சேர்க்க அரசு 'உயர்வுக்குப் படி' என்று முகாம்கள் நடத்துகிறது, அந்தத் திசை சரியான திசை. ஒரு இளங்கலை மாணவி, ஒரே ஒரு தோழியோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசி அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டாள். இருநூறு ஃபார்ம்களில் அது வந்திருக்காது.

முன்பின் தெரியாத ஒரு பிள்ளை வந்து கேட்டால் பதில் சொல்ல மக்கள் தயங்குவது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். கையில் தாளோடு யார் வந்தாலும் கிராமத்தில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். பணம் ஏதாவது வருமா? இருக்கிற ரேஷன் கார்டுக்கோ உதவித்தொகைக்கோ வில்லங்கம் வருமா? இரண்டும் நியாயமான கேள்விகள். அவர்களிடம் தாள் கொண்டுவந்த எல்லோரும் ஒன்று கொடுக்க வந்தவர்கள், அல்லது பறிக்க வந்தவர்கள். எதுவும் தராமல், எதுவும் பறிக்காமல், தெரிந்துகொள்ள மட்டும் வந்திருக்கிறேன் என்று ஒரு மாணவர் சொன்னால் அதை நம்ப நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். யார், எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறேன், பெயரை எழுத மாட்டேன், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றவர்களையும் கேட்க வேண்டும். சாதியையும் வருமானத்தையும் எடுத்ததும் கேட்கும் கேள்வித்தாள்களை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து நகலெடுத்த அந்த முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வெட்கமும் ஒரு காரணம். படிப்பை விட்டவரிடம் போய், படித்துக்கொண்டிருக்கும் அதே வயதுக்காரர், ஏன் விட்டாய் என்று கேட்பது சின்ன விஷயமில்லை. தோழி என்றாலும் உறுத்தும். தோழி என்பதால் கூடுதலாகவே உறுத்தும். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்து, இப்போது என்ன வேலை, அதில் என்ன கற்றுக்கொண்டாய், அடுத்து என்ன செய்ய ஆசை என்று தொடங்கினால் பேச்சு வேறுமாதிரிப் போகிறது. நூற்பாலையில் நூல் அறுந்தால் எப்படி இணைப்பது என்று அந்தத் தோழி வெகுநேரம் விளக்கியதாக என் மாணவி எழுதியிருந்தாள். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று அதை நீக்கச் சொன்னார் ஒரு தேர்வாளர். நீக்க வேண்டாம் என்றேன். பள்ளிக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த கல்வி அதுதான்.

கேட்டு முடித்த பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வருவது மாணவரின் கடமை என்று நான் நினைக்கிறேன். ஆய்வாளர் தலையிடக் கூடாது என்று இதை மறுப்பவர்கள் உண்டு. பதில்களை எழுதி முடிக்கும்வரை அது சரி. அதற்கு மேலும் மௌனமாக இருப்பது அந்த வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2024இலிருந்து பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது, வேலையில் இருந்தபடி படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்திகள் அந்தத் தெருவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அரைமணி நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவருக்குப் பதிலுக்குத் தர அந்த மாணவியிடம் இருந்தது அதுதான்.

இத்தனையும் செய்தால் இருநூறு பேர் கிடைக்க மாட்டார்கள். முப்பது பேர் கிடைப்பதே பாடு. இங்கேதான் ஆசிரியர்களாகிய நம்மிடம் வந்து நிற்கிறது விஷயம். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே ராத்திரியில் நிரம்பிய கேள்வித்தாள் கட்டுகளைப் பார்க்காத துறை எதுவும் இருக்காது. பிள்ளைகள் நாணயமில்லாதவர்கள் என்று பேசிவிட்டுப் போகிறோம். இத்தனை என்று எண்ணிக்கையைப் பிடிவாதமாகக் கேட்பவர்கள் நாம். போன வீட்டில் யாருமில்லை, ஒருவர் பேச மறுத்தார், ஒருவர் பாதியில் எழுந்து போனார் என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பவர்களும் நாம். புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் தன் மாதிரிக் கணக்கெடுப்புகளை வகுத்தபோது, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் அந்த முறை வந்தது. விசாரிக்கப் போகிறவரிடமிருந்தே பிழை வரலாம் என்பதை அவர் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார். யாரையும் திட்டவில்லை, பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தார். ஒரு வகுப்பில் அதைச் செய்வது இன்னும் எளிது. இரண்டு மாணவர்களை ஒரே தெருவுக்கு வெவ்வேறு நாளில் அனுப்பினால் போதும்.

துறைத்தலைவர்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த ஆண்டு இந்தத் தலைப்போடு வரும் மாணவரிடம் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு பள்ளியின் ஒரு பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொருவரையும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காதவர்கள், மறுத்தவர்கள், அவர்களைத் தேடிய விதம் ஆகியவற்றுக்கு அறிக்கையில் தனி அத்தியாயம் கேளுங்கள், அதற்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். அறிக்கையைக் கட்டி அலமாரியில் வைப்பதற்கு முன், இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதி, பதில் சொன்னவர்களுக்கும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தாளும் பேனாவுமாக ஒரு கல்லூரிப் பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சம்மதித்தால், அந்தப் பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள்.